வரப்புக்கு அந்தப் பக்கம்

என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே தொழிற்கல்லூரியின் சுற்றுச்சுவர் நீளமாக ஓடுகிறது. சுவருக்கு உள்ளே, வெல்டிங் பட்டறைக்கும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கும் நடுவே, முன்பு ஒரு வரப்பு இருந்தது. இப்போது சிமெண்டுத் தரை. இந்த இடத்துக்காக இரண்டு பெண்கள் வருஷக்கணக்கில் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை. ஆனால் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பட்டறைக்குள் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிடும். அவர் குரலும் அந்த ரகம்தான்.

நேர்ப் பெரியம்மா இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனைக் கட்டியவர். அந்தப் பெரியப்பா வாயில்லாப் பூச்சி. இருந்தபோதும் இருப்பது தெரியாது, போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. காடு, மாடு, வாய் மூன்றையும் பெரியம்மாவே பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் ராகியும் அவரையும், கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி. பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர் பேசி நான் கேட்டதில்லை. வேறு எல்லாவற்றையும் பேசிக் கேட்டிருக்கிறேன்.

தன்னுடையதில் ஒரு துளி விட்டுக்கொடுக்க மாட்டார். பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர் பதம் பார்க்க என்று கூடையிலிருந்து நாலைந்து பழத்தை எடுத்து ஓரமாகப் போடுவார். அது அப்படியே மண்டிக்குச் சேர்ந்துவிடும், யாரும் வாய் திறப்பதில்லை. பெரியம்மா மட்டும் ஏலம் முடிந்ததும் குனிந்து தன் பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டுதான் நகர்வார். ஒரு முறை நானும் கூட இருந்தேன். பஸ் கிளம்பி மாரண்டஹள்ளி ரோட்டில் வேகம் பிடித்த பிறகு மடியை அவிழ்த்துப் பார்த்தவர், கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். வேறு யாருடைய பழமோ ஒன்று கலந்திருந்தது. "இது நம்ம செடியுது இல்லடா. நம்முது இவ்ளோ செவக்காது" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி மண்டியைப் பார்த்துத் திரும்பி நடந்தார். ஒரு தக்காளிக்காக அவர் பின்னால் நடந்த நான் அன்றைக்கு மனதுக்குள் என்னென்ன திட்டினேன் என்பதை எழுத முடியாது.

அவருடைய காட்டுக்கு அடுத்த காடு சவரியம்மாளுடையது. வயதில் பெரியம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர், வாயில் சமம். இரண்டு காட்டுக்கும் நடுவில் இருந்த அந்த வரப்பின் மேல் ஒரு புளியமரம் நின்றது. மழைக்கு முன்னால் மண்வெட்டியால் வரப்போரத்துப் புல்லைச் செதுக்குவார்கள். புல்லோடு கொஞ்சம் மண்ணும் வரும். அந்த மண் யார் பக்கம் விழுந்தது, வரப்பு யார் பக்கம் நகர்ந்தது என்பதுதான் வழக்கு.

"வரப்பு என்ன தோசையாடி, தெனம் ஓரத்தப் பிச்சித் திங்கறதுக்கு?" என்று இந்தப் பக்கம் ஆரம்பமாகும்.

"நீ திங்காமத்தான் எங்காடு சுருங்கிப் போச்சா?" என்று அந்தப் பக்கமிருந்து வரும்.

பிறகு புளி. மரத்துக்கு யார் சொந்தம் என்பது முடிவாகாததால், இந்தப் பக்கம் விழுந்தது இவருக்கு, அந்தப் பக்கம் விழுந்தது அவருக்கு என்று ஒரு ஏற்பாடு. காற்று திசை மாறி அடித்தால் காற்றுக்கும் திட்டு விழும். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் கடிகாரம் இல்லாத வீடுகளில்கூட இவர்கள் குரலை வைத்து உலை ஏற்றினார்கள் என்று என் அப்பா கிண்டலாகச் சொல்வார்.

மாதா கோவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் எங்களுக்கு வேடிக்கை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் கோவிலில் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவோம். பெரியம்மா வலது பக்கம் கும்பிடுவார், முன்னால் கும்பிடுவார், பின்னால் திரும்பிக் குழந்தைகளைக்கூடக் கும்பிடுவார். சவரியம்மாள் இருக்கும் பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது. அவரும் அப்படித்தான். இதைப் பற்றிப் புதிதாக வந்த ஒரு சாமியார் கேட்டபோது பெரியம்மா நிதானமாகச் சொன்ன பதில் ஊரில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: "கும்புட்டுட்டா நாளைக்கி எப்படிங்க சாமி சண்ட போடறது?"

சவரியம்மாளுக்கு ஒரு தடவை டைபாய்டு வந்து பல நாள் காட்டுப்பக்கம் வரவில்லை. பெரியம்மா வேலை ஓடாமல் சுற்றினார். ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "ஏண்டி, உன் செடியில புழு உழுந்து எங்காட்டுக்கு வருது. ஏந்திரிச்சி வந்து மருந்தடி" என்று கத்திவிட்டு வந்தார். அது அக்கறையா அராஜகமா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அந்தச் செடிக்கெல்லாம் மருந்து அடித்திருந்தது. யார் அடித்தது என்று பெரியம்மாவிடம் கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கல்லூரி வருகிறது என்று பேச்சு வந்தது. பையன்களுக்கும் பெண்களுக்கும் கைத்தொழில் படிப்பு, கவர்மெண்ட் காலேஜ், ரோட்டை ஒட்டிய காடுகளை எல்லாம் எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். முதலில் ஊர் அழுதது, அப்புறம் விலை விசாரித்தது. வரைபடத்தில் போட்ட கோடு எங்கள் நிலத்தை உரசிக்கொண்டு போனது. அதனால்தான் ரோட்டோரத்துத் துண்டு எங்களுக்கு மிஞ்சி, இன்று நான் ஜெராக்ஸ் எடுத்துப் பிழைக்கிறேன். அதிர்ஷ்டம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். பெரியம்மா காடும் சவரியம்மாள் காடும் முழுசாக உள்ளே போயின.

பெரியம்மா எளிதில் கொடுக்க மாட்டார், தாசில்தாரையே கலங்கடிப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. அளக்க வந்தவர்கள் வரைபடத்தை வைத்துக் கருவியால் அளந்தார்கள். இத்தனை வருஷம் செதுக்கப்பட்ட அந்த வரப்பு, இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. சர்வேயருக்கே ஆச்சரியம். மற்ற வரப்பெல்லாம் அங்கங்கே நகர்ந்திருந்தன. இது மட்டும் நூல் பிடித்த மாதிரி நின்றது. இரண்டு பேரும் ஒரே அளவு திருடியிருக்கிறார்கள் என்று ஊர் சிரித்தது. ஒரே அளவு காவல் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. பெரியம்மா மிஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சவரியம்மாளின் மாமனார் சாவதற்கு முன்னால் காட்டில் நின்றே பாகம் பிரித்தவர். பெரிய மகன் சூசைக்கு வீடும் மனையும், சின்ன மகனுக்குக் காடு. எல்லாம் வாய்வார்த்தை. எங்கள் பக்கம் பாதிச் சொத்து இப்படித்தான் கைமாறியிருக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனால் அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசுமே என்கிற கூச்சம். சூசை மனையை விற்றுவிட்டு ஓசூரில் குடியேறினார். சின்ன மகன் காமாலையில் போனார். அவர் மனைவி சவரியம்மாள் ஒற்றை ஆளாகக் காட்டை உழுது மகளை வளர்த்தார். பட்டா மட்டும் மூத்தவர் என்று சூசை பேரிலேயே கிடந்தது. யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. நிலம் அங்கேதானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப்போகிறது என்ற நினைப்பு. ஓடத்தான் செய்தது.

நோட்டீஸ் சூசை பேருக்கு வந்தது. அவர் காரில் வந்து இறங்கினார். அது தன் நிலம்தான், தம்பி மனைவி பாவம் என்று பயிர் செய்து சாப்பிட விட்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சாந்தமாகச் சொன்னார். மாதா கோவிலுக்குக் கொடிமரம் எடுத்துக் கொடுத்தவர் அவர். ஊரில் பலர் பிள்ளைகளுக்கு ஓசூரில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். உண்மை எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. விசாரணைக்கு அதிகாரி வரும்போது பக்கத்து நிலத்துக்காரர்களை அழைத்து, யார் அனுபவத்தில் நிலம் இருந்தது என்று கேட்பார் என்றார்கள். மற்ற மூன்று பக்கத்தில் இரண்டு பேர் சூசைக்குக் கடமைப்பட்டவர்கள், மூன்றாவது பக்கம் ரோடு.

நான்காவது பக்கம் பெரியம்மா. விசாரணைக்கு முந்தின நாள் அவர் போனில் ஏதோ சரிசெய்து கொடுக்க நான் அங்கே இருந்தபோது சூசை வந்தார். நாற்காலியில் உட்காராமல், அக்கா அக்கா என்று நின்றபடியே பேசினார். அளவெல்லாம் கிடக்கட்டும், அந்தப் புளியமரமும் வரப்பும் முழுக்க உங்களுடையது என்று பட்டாக்காரன் நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றார். பதிலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டால், பக்கத்துக் காட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை. "காலமெல்லாம் அவகிட்ட எவ்ளோ பேச்சு வாங்கனீங்க. கடசியில உங்க பக்கம்தான் நாயம்னு ஆவட்டும்ங்க" என்றார்.

மரம் முழுக்கத் தனக்கு என்பது பெரியம்மா ஆயுசுக்கும் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. "யோசிக்கறன்" என்றார். அவர் எதற்கும் யோசிக்கிறேன் என்று சொன்னது அதுதான் எனக்குத் தெரிந்து முதல் தடவை. சவரியம்மாள் தெருவில்தான் நிற்கப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் விசாரணை நடந்தது. சவரியம்மாள் தூணுக்குப் பக்கத்தில் மகளோடு நின்றார். அன்றைக்கு அவர் வாய் எங்கே போனதோ, கேட்டதற்கு அழுகைதான் வந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் தெரியாது, கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். பக்கத்து நிலத்தைச் சூசை பயிர் செய்தாரா என்று அதிகாரி கேட்டார்.

"இந்தச் சூசைகூட நான் ஒரு நாளும் சண்ட போட்டதில்லீங்க" என்றார் பெரியம்மா.

அதிகாரிக்குப் புரியவில்லை. சண்டையைப் பற்றிக் கேட்கவில்லையே அம்மா என்றார்.

"அதத்தாங்க சொல்றன். அவன் காடா இருந்திருந்தா அவனோடதான போட்டிருப்பன்? வரப்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி புடிச்சவகூடத்தான் போட்டன். அதா, தூணுகிட்ட நிக்கறா பாருங்க, அவகூட. அவ புருசன் இருந்த வரைக்கும் அவங்கூட. என் தொண்ட போனதே அவளாலதான். நான் பொய் சொல்றன்னா ஊர்ல எவன வேணா கேளுங்க, காதுல உழாதவன் ஒருத்தன் இருந்தா கைதூக்கச் சொல்லுங்க."

யாரும் கைதூக்கவில்லை. யாரோ ஒருவர் சிரிக்க, வராந்தாவே சிரித்தது. சிரித்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியுமா? முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, ஆமாங்க சார், அந்தம்மாதான் பயிர் செய்தது என்றார். அடுத்தடுத்து நாலு பேர் சொன்னார்கள். சூசையின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்து ஆனந்தப்பட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அதன் பிறகும் விவகாரம் இழுத்தது. ஆனால் கடைசியில் சூசை இறங்கி வந்து கையெழுத்துப் போட, இழப்பீடு சவரியம்மாளுக்கே வந்தது. புளியமரத்தின் மதிப்பு ஆளுக்குப் பாதி.

விசாரணைக்கு அடுத்த ஞாயிறு கோவிலில் ஊரே இவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. சவரியம்மாள் முழுசாகத் திரும்பிக் கைகூப்பி நின்றார், கண்ணில் தண்ணீர். பெரியம்மா வலது பக்கம் கும்பிட்டார், முன்னால் கும்பிட்டார், பின்னால் கும்பிட்டார். வெளியே வந்ததும் நான் கோபமாகவே கேட்டேன். "அது நெசத்துக்காகச் சொன்னன்டா. அவளுக்காவவா சொன்னன்?" என்றார்.

காடு போனது, பணம் வந்தது. ஊர் மாறியதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. சவரியம்மாளின் மகள் அதே கல்லூரியில் எலக்ட்ரீசியன் படித்து ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். அந்தப் பெண் சம்பளத்தில் வாங்கிய மிக்சியைச் சவரியம்மாள் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். அதை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனால் பணம் வாங்கியவர்கள் வேறு இடத்தில் காடு வாங்கப் போனால், விலை அதற்குள் பனைமர உயரம் ஏறியிருந்தது. சிலர் கார் வாங்கினார்கள், காரை விற்றார்கள். அந்தக் காடுகளில் களையெடுக்கவும் பழம் பறிக்கவும் வந்துகொண்டிருந்த காலனிப் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு சாணும் இல்லாததால், இழப்பீடு என்று யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. விடியுமுன் கம்பெனி வேனில் நின்றுகொண்டே ஓசூர் போனார்கள். எந்த விசாரணையிலும் அவர்களைக் கூப்பிடவில்லை.

பெரியம்மா பாப்பாரப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு காடு வாங்கினார். பக்கத்து நிலம் பெங்களூர்க்காரர் ஒருவருடையது. கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்தான். அவர் முகத்தைப் பெரியம்மா பார்த்ததே இல்லை. நான் ஒரு தடவை போனபோது அந்த வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தார். "கம்பிகிட்ட என்னாத்தடா பேசறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்த வருஷமே காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அவரை அந்த மாதிரிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட சங்கடம், காடு போன அன்றுகூட ஏற்படவில்லை.

கல்லூரி கட்டியவர்கள் ஒரு புண்ணியம் செய்திருந்தார்கள், புளியமரத்தை வெட்டவில்லை. பங்குனியில் பெரியம்மா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்ப் புளி பொறுக்கினார். வாட்ச்மேன் வெளியூர் ஆள். இது கவர்மெண்ட் மரம் என்று தடுத்தார். மரத்துக்கு எப்போது கவர்மெண்ட் தண்ணி ஊற்றியது என்று பெரியம்மா ஆரம்பிக்க, பழைய குரல் ரோட்டைத் தாண்டி என் கடைக்கே கேட்டது. நான் ஓடினேன். அதற்குள் விடுதிச் சமையல்கட்டிலிருந்து சவரியம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே சமையலில் சேர்ந்திருந்தார்.

"அது அவளோட மரம். வுடு, பொறுக்கட்டும்" என்றார் வாட்ச்மேனிடம்.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். பாதி சாக்கு நிரம்பியிருந்தது. அதில் கொஞ்சத்தை மரத்துக்கு அந்தப் பக்கம், பழைய வழக்கப்படி சவரியம்மாளின் பக்கம், தரையில் குவித்து வைத்தார். "இதெல்லாம் அந்தப் பக்கம் உழுந்தது" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டு நடந்தார். பிறகு ஒவ்வொரு பங்குனியும் அப்படித்தான். பேச்சு கிடையாது, குவியல் மட்டும் உண்டு.

சென்ற தவக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த பெரியம்மா எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற இடத்தில் நான்தான் நின்றேன். மேற்குச் சுவருக்கும் பழைய கல்லறை வரிசைக்கும் இடையில் கொஞ்சம்தான் இடம் மிச்சம். பையன்கள் தாராளமாக அதன் நடுவில் கோடு கிழித்து மண்வெட்டியைப் போட்டார்கள். சவரியம்மாள் வந்தார். சமையல்கட்டிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், கையில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது.

"நடுவுல வெட்டாதீங்கடா. செவுத்தோரமாத் தள்ளி வெட்டுங்க. இந்தப் பக்கம் எனக்கு எடம் வேணும்" என்றார்.

அங்கேயும் போய்ச் சண்டை போடவா சித்தி என்று ஒரு பையன் கேட்டான். பையன்கள் கிழித்த கோட்டைச் சவரியம்மாள் காலால் அழித்தார். குனிந்து, சுவரோரமாகத் தன் கையாலேயே புதுக்கோடு இழுத்தார். பிறகு கோட்டுக்கு வெளியே கையை விரித்து வைத்துக் காட்டினார்.

"ரெண்டு குழிக்கும் நடுவுல இவ்ளோ மண்ணு வுட்டுருங்க. வரப்பு இல்லன்னா அவளுக்குத் தூக்கம் வராது."

பையன்கள் கயிறு பிடித்து அளந்து, ஒரு சாண் விட்டு வெட்டினார்கள்.